மணம் போறதும் கொரோனா வேரியன்ட்டும்: எங்கட பாமசியில அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் திருகோணமலை டவுன்ல ஒரு பாமசியில வேலை செய்யிறன், டொக்டர் இல்ல. 2021 ஆகஸ்ட்ல டெல்டா வந்து எனக்கு மணம் போச்சு. நான் அறிஞ்சது எப்படி எண்டா, அடுப்பில கருவாடு கருகிப் புகை கிளம்பி பக்கத்து வீட்டு அக்கா மதிலால எட்டிப் பாத்து "பிள்ளை, என்னடி எரியுது" எண்டு கத்தினா, நான் அந்தச் சட்டிக்கு முன்னாலதான் நிண்டுகொண்டிருந்தன். மூக்கடைப்பும் இல்ல, மூச்சு நல்லாப் போகுது, ஆனா ஒண்டும் இல்ல. பிறகு 2022 ஜனவரியில ஒமிக்ரோன் எங்கட வீட்டில நாலு பேரையும் படுக்க வைச்சது, எனக்கும் ரெண்டாம் தரம் வந்தது, ஒருத்தருக்கும் புதுசா மணம் போகேல்ல. அதே வீடு, அதே மூக்கு, ரெண்டு விதம். அதுக்குப் பிறகு இதைப்பத்தி கையில கிடைச்சதெல்லாம் வாசிச்சன். கவுண்டர்ல வந்து கேக்கிற ஆக்களுக்குச் சொல்லிச் சொல்லி இப்ப ஒரு பக்கமா எழுதி வைக்கிறன்.

வேரியன்ட் எண்டா என்ன, அது வேற வைரஸா?

வேற வைரஸ் இல்ல. ஒரே கொரோனாதான், பெருகேக்க பிரதி எடுக்கிறதில சின்னச் சின்னப் பிழை விழும், அந்தப் பிழைகள்ல சிலது வைரஸுக்கு லாபமா அமைஞ்சா அந்தக் கிளை மத்ததை முந்திக்கொண்டு பரவும். அல்பா, டெல்டா எண்டு கிரேக்க எழுத்தில பேர் வைக்கத் தொடங்கினது 2021 மே கடைசியில, உலக சுகாதார நிறுவனம். அதுக்கு முதல் "யூகே வைரஸ்", "இந்தியா வைரஸ்" எண்டு நாட்டுப் பேரைச் சொல்லித்தான் எல்லாரும் கதைச்சது.

எந்த வேரியன்ட்டில மணம் கூடப் போச்சு?

சுருக்கமாச் சொன்னா முதல் அலையில ஆகக் கூட, அல்பாவிலயும் டெல்டாவிலயும் அதுக்குக் கீழ, ஒமிக்ரோன்ல சட்டெண்டு விழுந்திட்டுது.

ரெண்டு கணக்கு சொல்றன். இங்கிலாந்தில ஃபோன் ஆப் மூலமா ஆக்கள் தங்கட நோய்க்குறியைத் தாங்களே பதிஞ்ச ஒரு பெரிய ஆய்வு, 2022ல வெளிவந்தது: டெல்டா காலத்தில வருத்தம் வந்தவங்கள்ல 52.7 வீதம் பேர் மணம் போச்சு எண்டவங்க, ஒமிக்ரோன் காலத்தில 16.7 வீதம்தான். மத்தது அமெரிக்காவில வேர்ஜினியா கொமன்வெல்த் பல்கலைக்கழக ஆக்கள் செய்தது, 6 லட்சத்துக்கு மேல நோயாளர் பதிவு பாத்தது: முதல் அலையில மணம் போற வாய்ப்பை 100 எண்டு வைச்சா அல்பாவில 50, டெல்டாவில 44, ஒமிக்ரோன்ல 17. பிறகு 2023ல அதே ஆக்கள் பாத்த நேரம், பிறகு வந்த ஒமிக்ரோன் கிளைகள்ல அது 6, 7க்கு இறங்கிட்டுது.

இதில கவனமா இருக்க வேணும். ரெண்டு கணக்கிலயும் 17 எண்டு வருது, ஆனா ரெண்டும் ஒண்டில்ல. முதலாவது 100 நோயாளர்ல 17 பேர் எண்டது. ரெண்டாவது பழைய ஆபத்தோட ஒப்பிட்டா 17 பங்கு எண்டது. வாட்ஸ்அப்ல சுத்துற படங்கள்ல இதை ரெண்டையும் ஒண்டாப் போட்டுக் குழப்புறாங்க, எனக்கு அதைப் பாத்தாலே மனசு கொதிக்கும், ஏனெண்டா பயந்து வாற ஆக்கள் அதைத்தான் நம்பிக்கொண்டு வாறாங்க.

சீனாவில முதல்ல ஒருத்தரும் மணத்தைப்பத்திக் கதைக்கேல்லையே?

நல்ல கேள்வி. வூஹான்ல 214 நோயாளர் பத்தின முதல் அறிக்கைகள்ல ஒண்டில மணம் குறைஞ்சது 5 வீதம் பேருக்குத்தான். கொஞ்ச மாசத்தில ஐரோப்பாவில 12 ஆஸ்பத்திரியில 417 பேரைக் கேட்டா 85 வீதத்துக்கு மேல. ஒரே நோய், ஒரு இடத்தில 5, ஒரு இடத்தில 85. வைரஸ் இடையில மாறினது உண்மை, ஆக்கள்ற பரம்பரையும் வேற, ஆனா நான் பெரிசா நினைக்கிறது கேட்ட விதத்தைத்தான். வூஹான்ல அது ஆஸ்பத்திரிப் பதிவைப் பின்னால திரும்பிப் பாத்து எடுத்த கணக்கு, மூச்சு எடுக்கேலாம கிடக்கிற மனுசனிட்ட ஆர் கேக்கப்போறாங்க "மணம் வருதா" எண்டு? ஐரோப்பாவில லேசான வருத்தக்காரரிட்ட கேள்விக் கொத்துக் குடுத்து இதையேதான் கேட்டவங்க. கேக்காட்டி வராது. எங்கட பாமசியிலயும் அப்பிடித்தான், நான் கேட்ட பிறகுதான் பாதிப்பேர் "ஓம் ஓம், எனக்கும் இல்ல" எண்டு சொல்லுவாங்க.

இலங்கையில எந்த நேரம் எது இருந்தது?

2020 மார்ச்ல ஊரடங்கு போட்ட நேரம் இங்க நோயாளர் குறைவு. 2020 ஒக்டோபர்ல மினுவாங்கொடை ஆடைத் தொழிற்சாலைக் கொத்தணி, பேலியகொடை மீன் சந்தைக் கொத்தணி எண்டு ரெண்டாவது அலை வந்தது, சனம் மீன் வாங்கவே பயந்த நேரம், எங்கட கரையோர ஆக்களுக்கு அது மறக்கேலாத காலம். அப்ப இருந்தது பி.1.411 எண்ட கிளை, அது இலங்கையில பரவின ஒண்டு. 2021 சித்திரைப் புத்தாண்டுக்குப் பிறகு அல்பா. அந்த ஆகஸ்ட்ல டெல்டா, 20ஆம் திகதி இரவில இருந்து ஒக்டோபர் 1 வரைக்கும் நாடு பூட்டு. டிசம்பர் தொடக்கத்தில முதல் ஒமிக்ரோன் நோயாளர், ஜனவரி, பெப்ரவரியில வீட்டுக்கு வீடு.

அதால "எனக்கு எந்த வேரியன்ட் வந்தது" எண்டு கேக்கிற ஆக்களிட்ட நான் முதல்ல கேக்கிறது திகதியைத்தான். மரபணு டெஸ்ட் எல்லாருக்கும் செய்யிறேல்ல, மாசத்தை வைச்சு ஓரளவு சொல்லலாம், உறுதியா இல்ல.

வைரஸ் எப்பிடி மணத்தை எடுக்குது? நரம்பைத் திண்டுதா?

இதுதான் எனக்கு ஆகப் பிடிச்ச பகுதி. மூக்கின்ட உச்சியில, ரெண்டு பக்கமும், ஒரு முத்திரை அளவு தோல் இருக்கு. அதிலதான் மண நரம்பு செல்கள். ஒவ்வொரு செல்லும் ஒரு வகை மண ஏற்பியைத்தான் வைச்சிருக்கும், மனுசருக்கு அப்பிடி ஏறத்தாழ 400 வகை. இந்த நரம்பு செல்லைச் சுத்தி தாங்கு செல்கள் எண்டு இருக்கு, அதுகள் சாப்பாடு குடுக்கும், உப்புச் சமநிலை பாக்கும், வந்த மணத்துகளைச் சுத்தப்படுத்தும்.

கொரோனா உள்ள போறதுக்கு ரெண்டு சாமான் வேணும்: ஏசிஈ2 எண்ட கதவு, டிஎம்பிஆர்எஸ்எஸ்2 எண்ட கத்தி. 2020லயே ஹார்வர்ட் ஆக்கள் பாத்துச் சொன்னவங்க, நரம்பு செல்லில இந்தக் கதவு இல்ல, தாங்கு செல்லிலதான் இருக்கு எண்டு. பிறகு பெல்ஜியத்தில செத்த நோயாளர்ற மூக்குத் திசுவைப் பாத்தும் அதையேதான் கண்டவங்க.

எங்கட ஊர் கணக்கில சொன்னா, திருக்கடலூர்ல வள்ளம் கடலுக்குப் போறதுக்கு கரையில ஐஸ் பெட்டி நிரப்ப, டீசல் அடிக்க, வலை சிக்கெடுக்க ஆக்கள் வேணும். கரையில நிக்கிற ஆக்கள் எல்லாம் ஒரே நாள்ல காய்ச்சல்ல விழுந்தா வள்ளத்தில ஒரு ஓட்டை இல்லாட்டியும் அது மணல்லதான் கிடக்கும். வைரஸ் வள்ளத்தை உடைக்கேல்ல, கரை ஆக்களைப் படுக்க வைச்சது. அதாலதான் காலையில எழும்ப மணம் முழுசாப் போயிருக்கும், அதாலதான் கன பேருக்கு ரெண்டு மூண்டு கிழமையில திரும்பவும் வந்தது, தாங்கு செல் கெதியா வளர்ந்திடும்.

அதோட இன்னொண்டு நடக்குது. கொலம்பியா பல்கலைக்கழக ஆக்கள் 2022ல காட்டினது, பக்கத்து செல்கள்ல வைரஸ் வந்து உடம்பு எதிர்ப்புச் சமிக்ஞை விடேக்க, தொற்றே வராத நரம்பு செல்லும் தன்ட மண ஏற்பி மரபணுக்களை ஒடுக்கி வைச்சிடுது. செல் உசிரோடதான் இருக்கும், வேலை மட்டும் நிண்டிடும். கன நாள் வராத ஆக்கள்ற மூக்குத் திசுவை டியூக் பல்கலைக்கழகத்தில எடுத்துப் பாத்தா, வைரஸ் போனாப் பிறகும் எதிர்ப்புச் செல்கள் அங்கயே குந்திக்கொண்டு இருக்கு, நரம்பு செல்லும் குறைஞ்சிருக்கு.

அப்ப ஒமிக்ரோன் ஏன் மணத்தை விட்டு வைச்சது?

நான் மேல சொன்ன கத்தியை நினைவில வையுங்க. டெல்டா அந்த டிஎம்பிஆர்எஸ்எஸ்2 கத்தியால கதவு வாசல்லயே வெட்டிக்கொண்டு உள்ள போறதில வலு கெட்டி. ஒமிக்ரோன் அதைப் பாவிக்கிறதில பின்னுக்கு, அது கூடுதலா செல்லுக்குள்ள ஒரு பையில விழுங்குப்பட்டு பிறகு வெளிய வாற மத்த வழியைப் பிடிக்கும். இதைக் கேம்பிரிட்ஜ் ஆக்கள் உட்பட கன ஆய்வுகூடங்கள் காட்டிட்டாங்க. தாங்கு செல்லில அந்தக் கத்தி நிறைய இருக்கு, அதால கத்தியை நம்புற வேரியன்ட்டுக்கு அது நல்ல இடம், மத்த வழியால போறதுக்கு அவ்வளவு இல்ல. மூக்குச் சளிப்படலத்தில நிண்டுபிடிக்கிற விதமும் வேறயா இருக்கலாம் எண்டு ஒரு கருத்து இருக்கு, அது இன்னும் கருத்துத்தான்.

ஆனா "ஒமிக்ரோன் பலமில்லாதது" எண்டு எடுக்க வேண்டாம். 2021 டிசம்பர்ல ஹொங்கொங் பல்கலைக்கழகம் சொன்னது, மூச்சுக்குழாய்த் திசுவில ஒமிக்ரோன் முதல் 24 மணித்தியாலத்தில டெல்டாவை விட ஏறத்தாழ 70 மடங்கு பெருகுது, நுரையீரல் திசுவில மட்டும்தான் குறைவு. அது பலம் குறைஞ்சதில்ல, இடம் மாறினது. மண மூலையை விட்டிட்டு தொண்டையைப் பிடிச்சது. 2022 ஜனவரியில எங்களிட்ட வந்த ஆக்கள் எல்லாரும் தொண்டையைப் பிடிச்சுக்கொண்டுதான் வந்தது, பனடோலும் தொண்டை மிட்டாயும் அடுக்கி வைக்க வைக்கக் காலி. அந்த மாசத்தில மணம் போச்சு எண்டு சொன்ன ஆக்களை எண்ணிக் கைவிரல்ல முடிச்சிடலாம், அதுக்கு அஞ்சு மாசம் முதல் இடைவெளி விட்டு நிண்ட வரிசையில பாதி அதுதான் சொன்னது.

தடுப்பூசி போட்டதாலதான் குறைஞ்சது எண்டு சொல்றாங்களே?

தடுப்பூசிக்கும் பங்கு இருக்கு, ஆனா அது மட்டும் இல்ல. நான் சொன்ன இங்கிலாந்து ஆய்வில ரெண்டு பக்கமும் தடுப்பூசி போட்ட ஆக்களைத்தான் ஒப்பிட்டது, அப்பவும் 52.7க்கும் 16.7க்கும் அந்த இடைவெளி நிண்டது. அதோட தடுப்பூசியும் இல்லாத, முன்ன தொற்றும் வராத ஹாம்ஸ்டர் எலிகள்ல பாத்தாலும் ஒமிக்ரோன் மூக்கின்ட மணத்தோலைக் குறைவாத்தான் தாக்குது. எலிக்கு ஆரும் சைனோபார்ம் ஊசி போடேல்ல. அதால வைரஸே மாறினது நிச்சயம்.

எனக்கு மணம் வருது அக்கா, அப்ப இது கொரோனா இல்லதானே?

இல்ல. மணம் வந்தாலும் கொரோனாவா இருக்கலாம், தயவுசெய்து இந்த எண்ணத்தை விடுங்க. 2020, 21ல மணம் போனா கொரோனா எண்டு பிடிக்கிறது கன நேரம் சரியா வந்தது, 2020 ஏப்ரல், மேயில அமெரிக்காவும் பிரித்தானியாவும் அதை நோய்க்குறிப் பட்டியல்ல சேத்தது அதாலதான். இப்ப பரவுறதெல்லாம் ஒமிக்ரோன்ற பேரன் பூட்டன்கள், ஜேஎன்.1, எக்ஸ்எஃப்ஜி எண்டு போகுது, அதுகள்ல கனபேருக்கு வெறும் தடிமன், தொண்டை நோவு, காய்ச்சல்தான். கோப்பிப் போத்தலை மணந்து பாத்திட்டு "எனக்கு இல்ல" எண்டு வயசான அம்மாவுக்குப் பக்கத்தில போய் இருக்கிற வேலை வேண்டாம். சந்தேகம் எண்டா டெஸ்ட், இல்லாட்டி மாஸ்க்.

வெள்ளைக்காரருக்குத்தான் கூடப் போகுது எண்டு ஒரு தம்பி சொன்னார், உண்மையா?

2020ல பல நாட்டு ஆய்வுகளைச் சேத்துப் பாத்த ஒரு கணக்கில ஐரோப்பிய வம்சாவளி ஆக்களுக்கு ஆசிய ஆக்களை விட மூண்டு மடங்கு கூடத் தெரிஞ்சது. பிறகு 2022 ஜனவரியில ஒரு மரபணு ஆய்வு யூஜிடி2ஏ1, யூஜிடி2ஏ2 எண்ட ரெண்டு மரபணு இருக்கிற இடத்தோட இதைத் தொடர்புபடுத்தினது. அந்த மரபணுக்கள்ற வேலையே மூக்கில வந்த மணத்துகளைச் சிதைச்சுச் சுத்தப்படுத்துறதுதான். அதால அந்தத் தம்பி சொன்னதில உண்மை இருக்கு, ஆனா "எங்களுக்கு வராது" எண்டு அர்த்தம் இல்ல. எனக்கு வந்ததுதானே.

மணம் மட்டும் இல்ல, ருசியும் போச்சு. நாக்கில பிரச்சினையா?

கூடுதலா மூக்கில. சாப்பாட்டில நாங்க ருசி எண்டு சொல்றதில பெரிய பங்கு, மெல்லேக்க வாய்க்குப் பின்னால இருந்து மூக்குக்கு ஏறுற மணம்தான். நாக்கு தனியப் பிடிக்கிறது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, பிறகு மாசிக் கருவாட்டில, இறைச்சிச் சாறில இருக்கிற அந்த உமாமி. நான் பிட்டும் சொதியும் சாப்பிட்ட நாள் நினைவிருக்கு: உப்பு தெரியுது, தேசிப்புளி தெரியுது, பச்சை மிளகாய் சுள்ளெண்டுது, ஆனா தேங்காய்ப்பாலும் கறிவேப்பிலையும் ரம்பையும் ஒண்டும் இல்ல, வாயில ஈர மணல் மாதிரி.

வீட்டில பாக்கிறதெண்டா மூக்கைப் பொத்திக்கொண்டு கொஞ்சம் சீனி, கொஞ்சம் உப்பு வையுங்க. தெரிஞ்சா நாக்கு சரி.

உறைப்பும் சித்தாலேப தைலம், விக்ஸ் அடிக்கிற அந்தக் குளிரும் மணம் இல்ல, அது முகத்து நரம்பு ஒண்டு உணருற எரிச்சல். "சித்தாலேப தெரியுது, அப்ப மணம் இருக்கு" எண்டு நினைச்சு ஏமாறின ஆக்கள் கன பேர்.

சாதாரண தடிமனுக்கும் மணம் போறதுதானே?

ஓம். தடிமன்ல கூடுதலா மூக்கு அடைச்சு காத்து மேல போகாததால போகும், அடைப்பு விட திரும்பும். கொரோனாவில மூக்கு திறந்திருக்கும், மணம் இருக்காது. இன்ஃபுளுவன்சா, பழைய தடிமன் வைரஸ்கள் கூட சில ஆக்கள்ற மண நரம்பைக் கன மாசத்துக்குக் கெடுக்கும், கொரோனாவுக்கு முதலே காது மூக்கு தொண்டை டொக்டர்மாருக்கு அது தெரிஞ்ச விசயம்தான்.

எத்தினை நாள்ல திரும்பி வரும்?

2022ல வந்த ஒரு பெரிய தொகுப்பு ஆய்வின்ட கணக்கு: ஒரு மாசத்தில ஏறத்தாழ 74 வீதம் பேருக்கு, மூண்டு மாசத்தில 90, ஆறு மாசத்தில 95 அல்லது கொஞ்சம் கூட. மிச்ச ஆக்களுக்கு இழுபடும், ஏறத்தாழ 5 வீதம். இது கூடுதலா ஒமிக்ரோனுக்கு முந்தின அலைகள்ற ஆக்கள்.

வீதம் சின்னதெண்டா ஆக்களும் குறைவு எண்டு நினைக்க வேண்டாம். எண்ணிப் பாருங்க, ஒரு வைரஸ் 1000 பேரைப் பிடிச்சு அதில பாதிப்பேருக்கு மணம் போனா 500 பேர். அடுத்த வைரஸ் 100க்கு 15 பேரிட்டதான் மணத்தை எடுக்குது, ஆனா 5000 பேரைப் பிடிக்குது எண்டா 750 பேர். ஒமிக்ரோன்ல வீதம் விழுந்ததை எல்லாரும் சொல்றாங்க, அது எத்தினை வீட்டுக்குள்ள போனது எண்டதை மறந்திடுறாங்க. அந்த 750ல ஒரு ஆளா நீங்க இருந்தா உங்களுக்கு வந்த வேரியன்ட் லேசானது எண்டு சொல்லி என்ன பிரயோசனம்.

கோப்பி நாறுது, வெங்காயம் அழுகின மாதிரி. எனக்கு என்ன நடக்குது?

இதைக் கேக்கேக்க அழாத ஆக்கள் குறைவு. கிண்ணியாவில இருந்து ஒரு ராத்தா வந்தவ, டெல்டாவுக்குப் பிறகு மூண்டு மாசம் கழிச்சு, "தங்கச்சி, எண்ட புள்ளைட தலைமுடியே நாறுது, நான் அவனைக் கிட்ட எடுக்கேலாமக் கிடக்கன்" எண்டு கவுண்டர்ல கையை வைச்சுக்கொண்டு நிண்டா. அவவுக்கு விசர் எண்டு வீட்டில நினைச்சிருக்காங்க.

இது விசர் இல்ல. மணத்திரிபு எண்டு சொல்லுவம். கூடுதலா தொற்று வந்து ரெண்டு மூண்டு மாசத்தில தொடங்கும், அதாவது புது நரம்பு செல் வளருற நேரம். ஒரு மணத்துக்கு பல ஏற்பி சேந்து வேலை செய்ய வேணும், அதில சிலது மட்டும் எழும்பினா மூளைக்கு அரைகுறைச் செய்திதான் போகும். இங்கிலாந்தில ரெடிங் பல்கலைக்கழக ஆக்கள் கோப்பியில இருக்கிற ஒவ்வொரு மணத்துகளையும் பிரிச்சு இந்த ஆக்களிட்ட மணக்கக் குடுத்துப் பாத்தவங்க, கந்தகம் இருக்கிற ஒரு துகள்தான் பெரும்பாலான ஆக்களைக் குமட்ட வைச்சது. கோப்பி, பொரிச்ச வெங்காயம், உள்ளி, கோழி, முட்டை எண்டு வாற பட்டியலும் அந்தக் குடும்பம்தான், வறுக்கப் பொரிக்கத்தான் கிளம்பும்.

அதால சூடாப் பொரிச்சதை விட்டு ஆறின சாப்பாடு, சோறு, தயிர், பழம், அவிச்ச மரக்கறி எண்டு போங்க. சமைக்கிறதை வேற ஆள் செய்யட்டும், ஜன்னலைத் திறவுங்க. எடை குறைஞ்சா கட்டாயம் டொக்டரிட்ட காட்டுங்க. அந்த ராத்தாவுக்கு ஏறத்தாழ ஒரு வருசம் எடுத்தது. மகனைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டினா, நான் அவன்ட தலையைத் தடவினன்.

மணப் பயிற்சி எண்டா என்ன? எங்கட ஊர்ல அதுக்குச் சாமான் கிடைக்குமா?

கிடைக்கும், சமையலறையிலயே இருக்கு. ஜெர்மனியில ட்ரெஸ்டன்ல 2009ல ஆய்வு செய்து காட்டின முறை, கொரோனாவுக்கு முதலே இருந்தது. நாலு மணம்: ரோஜா, எலுமிச்சை, கராம்பு, யூகலிப்டஸ். நாள்ல ரெண்டு தரம், 12 கிழமைக்குக் குறையாம.

நான் செய்தது இப்பிடி. நாலு சின்ன ஜாம் போத்தல். ஒண்டில அஞ்சாறு கராம்பு லேசா இடிச்சுப் போட்டன். ஒண்டில தேசிக்காய்த் தோல், அதை ரெண்டு நாளைக்கு ஒருக்கா மாத்த வேணும், இல்லாட்டிப் பூஞ்சணம் பிடிக்கும். ஒண்டில பஞ்சில பன்னீர், மத்ததில பஞ்சில ரெண்டு சொட்டு யூகலிப்டஸ் எண்ணெய். மூடியில பேர் ஒட்டினன். காலையில பல் விளக்க முதல், இரவு படுக்க முதல், ஒவ்வொண்டையும் மூக்குக்குக் கிட்டப் பிடிச்சு 20 செக்கன், மெல்ல மெல்ல, முயல் மணக்கிற மாதிரிக் குட்டிக் குட்டி மூச்சு. அந்த நேரம் அந்தச் சாமானை மனசில கொண்டு வர வேணும், கராம்பு எண்டா அம்மா புரியாணிக்குத் தாளிக்கிறது, தேசி எண்டா சம்பலுக்குப் பிழியிறது. முதல் மூண்டு கிழமை ஒண்டும் இல்ல. பிறகு ஒருநாள் கராம்புப் போத்தல்ல மணம் எண்டு சொல்லேலாத ஒரு இனிப்பான சூடு மாதிரி ஒண்டு வந்தது. நான் அந்தப் போத்தலைப் பிடிச்சுக்கொண்டு கட்டில்லயே இருந்திட்டன்.

எல்லாருக்கும் முழுசாக் குணமாகும் எண்டு சொல்ல மாட்டன். ஆனா காசு இல்ல, கெடுதல் இல்ல, டொக்டர்மார் முதல்ல சொல்றதும் இதைத்தான். எண்ணெயை மூக்குக்குள்ள விட வேண்டாம், மணக்க மட்டும்.

ஆவி பிடிச்சா, ஸ்டீரொய்ட் குளிசை போட்டா, மூக்கு கழுவினா வருமா?

ஆவி மூக்கடைப்புக்குச் சுகம் தரும், மண நரம்பை வளக்காது. கொதிதண்ணிச் சட்டியைப் பிள்ளைகளுக்குக் கிட்ட வைக்க வேண்டாம், சூடு பட்டு வந்த பிள்ளையள நான் கண்டிருக்கன்.

பிரட்னிசலோன் மாதிரி ஸ்டீரொய்ட் குளிசையை ஆரோ சொன்னது எண்டு வந்து கேக்காதீங்க, டொக்டர்ற துண்டு இல்லாம நாங்க குடுக்க மாட்டம். மணத்துக்கு அது வேலை செய்யும் எண்டதுக்கு நல்ல ஆதாரம் இல்ல, சீனி வருத்தக்காரருக்குச் சீனி ஏறும். டெல்டா நேரம் இந்தியாவில கறுப்புப் பூஞ்சை வந்த கன பேருக்குச் சீனி வருத்தமும் ஸ்டீரொய்ட் பாவனையும் சேந்துதான் இருந்தது.

உப்புத் தண்ணியால மூக்கு கழுவலாம், சளியும் ஒவ்வாமையும் இருக்கிற ஆக்களுக்கு நல்லது. ஆனா கொதிக்க வைச்சு ஆறின தண்ணி மட்டும். கிணத்துத் தண்ணி, குளத்துத் தண்ணி, பைப் தண்ணி நேரா வேண்டாம். மூளையைத் திங்கிற ஒரு அமீபா மூக்கு வழியாலதான் போறது, அரிது, ஆனா வந்தா பிழைக்கிறது கஷ்டம்.

மணம் இல்லாம வீட்டில இருக்கிறதில ஆபத்து என்ன?

காஸ். 2021 கடைசியில நாடு முழுக்க காஸ் அடுப்பு வெடிச்ச நேரம் எதில் மேர்கப்டன் எண்ட பேர் பேப்பர் முழுக்க வந்தது நினைவிருக்கா? காஸுக்கு அந்த நாத்தம் தாறது அதுதான், கசிஞ்சா அறியிறதுக்கு வேணுமெண்டே சேக்கிறது. மணம் இல்லாத ஆளுக்கு அது சேத்தும் பலன் இல்ல. நான் அந்த மாசங்கள்ல சமைச்சு முடிஞ்சதும் ரெகுலேட்டரை மூடுறதோட நிக்காம, பைப் மூட்டில சவர்க்கார நுரை பூசிக் குமிழ் வருதா எண்டு பாப்பன், நீங்களும் செய்யுங்க. தனிய இருக்கிற வயசான ஆக்கள் எண்டா பக்கத்து வீட்டாரிட்ட சொல்லி வையுங்க.

மீன். எங்கட வெயிலுக்குக் காலையில வாங்கின சூடை மீன் மத்தியானம் கெட்டிடும், மணம் இல்லாட்டிக் கண்ணால பாக்க வேணும்: கண் தெளிவா நிக்குதா, செவுள் சிவப்பா, விரலால அமத்தினா குழி நிரவுதா. மிச்சக் கறிக்கு மூடியில திகதி எழுதி வைக்கிறது நல்லம்.

டெல்டாவில போனது, இன்னும் வரேல்ல. இனி வருமா?

மண நரம்பு செல் உடம்பில புதுசா வளரக்கூடிய சில நரம்புகள்ல ஒண்டு, அடியில மூல செல் இருக்கு. ஒரு வருசம், ரெண்டு வருசம் கழிச்சும் மெல்ல மெல்ல முன்னேறின ஆக்கள் இருக்காங்க. அதால கதவை அடைச்சுப்போட்டுப் போக வேண்டாம். ஆனா சரியா அளந்து பாக்காம "வந்திட்டுது" எண்டும் சொல்லேலாது. 2025 செப்டம்பர்ல அமெரிக்காவில வந்த ஒரு ஆய்வில 40 மணம் இருக்கிற சுரண்டி மணக்கிற டெஸ்ட் குடுத்தவங்க, கொரோனாவுக்குப் பிறகு மணம் மாறிட்டுது எண்டு சொன்னவங்கள்ல 80 வீதம் பேர் ஏறத்தாழ 2 வருசம் கழிச்சும் குறைஞ்ச புள்ளிதான் எடுத்தது, எனக்கு ஒண்டும் மாறேல்ல எண்ட கொரோனாக்காரர்லயும் 66 வீதம் பேருக்குக் குறைஞ்சிருந்தது. தங்கட மூக்கு மங்கினது கன பேருக்குத் தெரியாது.

எனக்கு இப்ப முக்கால்வாசி வந்திருக்கு. கோணேசர் கோயிலுக்கு ஏறிப்போகேக்க கற்பூரம் தெரியும், கடல் உப்புக் காத்து தெரியும், மல்லிகைப் பூ இன்னும் இல்ல.

திரும்பக் கொரோனா வந்தா திரும்பவும் மணம் போகுமா?

போகலாம், ஆனா இப்ப இருக்கிற கிளைகள்ல வாய்ப்புக் குறைவு. அடுத்து வாற வேரியன்ட் எப்பிடி இருக்கும் எண்டு ஆரும் முன்கூட்டிச் சொல்லேலாது, வைரஸ் லேசாகிக்கொண்டே போகும் எண்டு ஒரு சட்டமும் இல்ல. அல்பாவை விட டெல்டா கடுமை, பிறகுதான் ஒமிக்ரோன்.

எப்ப டொக்டரிட்ட போக வேணும்?

மூண்டு, நாலு கிழமை தாண்டியும் ஒண்டும் திரும்பாட்டி காது மூக்கு தொண்டை கிளினிக்குக்குத் துண்டு எடுங்க. ஒரு பக்க மூக்கில மட்டும் போனா, மூக்கால ரத்தம் வந்தா, மோட்டச்சைக்கிள் விழுந்து தலை அடிபட்ட பிறகு போனா, நாள் பாக்காம உடன போங்க, அது வைரஸ் கதை இல்ல. வருத்தம் ஒண்டும் வராமலே மெல்ல மெல்ல மங்குற வயசான ஆக்களையும் காட்டுங்க, பார்கின்சன் மாதிரி நோய்கள் நடுக்கம் வர வருசக்கணக்குக்கு முதலே மணத்தில தொடங்கிறது உண்டு.

வீட்டில ஒருத்தரும் நம்புறாங்க இல்ல, "மணம்தானே, சாப்பிடு" எண்டுறாங்க. என்ன செய்யிறது?

கூட்டிக்கொண்டு வாங்க, இல்லாட்டி வீட்டிலயே செய்யுங்க. நான் கவுண்டருக்குக் கீழ ஒரு கராம்புப் போத்தலும் ஒரு வெறும் போத்தலும் வைச்சிருக்கிறன், ரெண்டும் கறுப்புத் தாள் சுத்தினது, பாத்தா ஒண்டுதான். மணம் போன ஆளிட்ட முதல்ல குடுப்பன், எது எண்டு தெரியாம நிப்பாங்க. பிறகு கூட வந்த புருசனிட்ட, மாமியிட்ட குடுப்பன், அவங்க மூடி திறந்ததும் சொல்லிடுவாங்க. அதுக்குப் பிறகு அவங்கட முகம் மாறும், அநேகமா அவங்கதான் "எத்தினை தரம் மணக்க வேணும், சொல்லுங்க, எழுதித் தாங்க" எண்டு கேப்பாங்க.